சுவரைக் காப்பாற்றிய கதை

இனிமேல் இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று நான் சபதம் எடுத்தேன். அப்படி ஒரு சபதம் எடுக்கலாமா என்று என் மனைவியைக் கேட்காமலேயே எடுத்துவிட்டேன். முதல் சறுக்கல் அங்கேதான்.

சபதத்துக்குக் காரணம் ஒரு கதவு. வாசல் கதவு இல்லை, சமையலறை அலமாரிக் கதவு. ஒரு நாள் காலை சர்க்கரை டப்பாவை எடுக்க என் மனைவி அதைத் திறந்தாள். அது திறந்ததோடு நிற்காமல் அவள் கையோடு வந்துவிட்டது. அவள் கத்தவில்லை. கதவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நான் இருந்த அறைக்கு வந்தாள். என் மடியில் வைத்தாள்.

"என்ன இது?"

"கதவு."

"கதவுன்னு தெரியுது. என்கிட்ட எதுக்கு?"

"உடைஞ்ச சாமான் எல்லாம் இந்த ரூம்லதானே இருக்கும்? இதையும் கொண்டாந்து சேர்த்தேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எரிச்சல்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையே அதற்காகத்தான். சமையலறையை ஒட்டி, ஒரே ஒரு சுவர் தள்ளி இருக்கும் சின்ன அறை. நான் மின்சார மீட்டர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரார் வீட்டு மீட்டரையெல்லாம் எட்டிப் பார்த்தே சம்பளம் வாங்கியவன். எட்டிப் பார்க்க எனக்கு ஏணிகூட வேண்டாம், கடவுள் உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஓய்வு பெற்ற பிறகு எட்டிப் பார்க்க அடுத்தவர் வீடு இல்லாமல் போயிற்று. கை சும்மா இருக்குமா? எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். பிறகு ரேடியோ, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி. எல்லாவற்றின் உள்ளேயும் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். அவற்றை மறுபடி எப்படி மூடுவது என்பதுதான் ஆராய்ச்சியில் இருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்கான அறை அது. ஒரு மேசை, ஒரு சாய்வு நாற்காலி, ஒரு விளக்கு, யாரும் நுழைந்து "இதை எடுத்து அங்கே வைங்க" என்று சொல்லாத அமைதி. உலகத்தில் எனக்கென்று இருப்பது அவ்வளவுதான்.

என் மனைவியின் விஷயம் வேறு. பக்கத்தில் நின்றால் அவள் என் சட்டைப்பைப் பேனாவோடுதான் பேச முடியும். ஆனால் பேச ஆரம்பித்தால் நான்தான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். போன வருஷம் அவள் தபால் வழியில் சட்டப் படிப்பில் சேர்ந்தாள். "உனக்கு எதுக்கு இனிமே பட்டம்? நீ படிக்காமலேயே எல்லா கேசுலயும் ஜெயிக்கறியே" என்றேன். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். சமையல் மேடையில் பருப்பு டப்பாவின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, ஒரு கையில் கரண்டியோடு படிப்பாள். "படிக்க எனக்கு ஒரு இடம் வேணும்ங்க" என்று எப்போதோ கேட்டாள். "சமையல்கட்டு தாராளமா இருக்கே" என்று நானும் எப்போதோ சொன்னேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கதவு மடியில் விழுந்த அன்று அவள் சொன்னாள்:

"சமையல்கட்டையே மாத்திக் கட்டப் போறோம். நாளைக்கு டிசைனர் வராங்க."

"நாளைக்கா? என்னைக் கேக்கவே இல்லையே!"

"இப்ப சொல்றேனே."

"சொல்றது வேற, கேக்கறது வேற."

"சரி, கேக்கறேன். நாளைக்கு டிசைனர் வராங்க, டீ குடிப்பாங்களா காபியா, உங்களுக்கு என்ன தோணுது?"

அப்போதுதான் நான் மேற்படி சபதத்தை எடுத்தேன். மனசுக்குள்தான். சத்தமாக எடுத்தால் அதற்கும் ஒரு பதில் வரும்.

டிசைனர் வந்தார். கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது, தனியாகத் தொழில் செய்கிற பெண்மணி. அவரே பார்ப்பார், அவரே வரைவார், அவரே ஆள் பிடித்து முடித்தும் கொடுப்பார். கழுத்தில் மாலை மாதிரி ஓர் அளவு டேப். கையில் ஒரு சாக்பீஸ். வந்தவுடன் அளக்க ஆரம்பிப்பார் என்று டேப்பின் மறு முனையைப் பிடிக்க நான் தயாராக நின்றேன். அவர் அளக்கவே இல்லை. மூலையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மேடம், ஒண்ணும் அளக்கலையா?"

"இல்ல சார். முதல்ல கொஞ்ச நாள் வந்து பார்ப்பேன்."

"எதைப் பார்ப்பீங்க?"

"நீங்க எப்படிச் சமைக்கறீங்கன்னு. யார் எங்க நிக்கறாங்க, எதுக்குத் திரும்பறாங்க, எதைத் தேடறாங்க... எல்லாம் பார்த்துட்டுத்தான் வரைவேன். பாக்காம வரைஞ்சா அது என் சமையல்கட்டா இருக்கும். உங்களுது ஆகாது."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நானும் பார்க்கிற ஜாதிதானே! இன்னும் நிறையக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழுந்து போய் ஒரு சுவரைத் தட்டினார். என் அறைச் சுவரை.

"இது பாரம் தாங்கற சுவர் இல்ல. வேணும்னா எடுத்துடலாம்."

"அப்படியா?" என்றாள் என் மனைவி. கண்ணில் ஒரு வெளிச்சம். "எடுத்தா சமையல்கட்டு ரெண்டு மடங்கு ஆகும், இல்ல?"

"ஆகும் மேடம். யோசிச்சு வைங்க."

டிசைனர் போனதும் நான் போய் அந்தச் சுவரைத் தடவிக் கொடுத்தேன்.

மறுநாள் காம்பவுண்டுப் பக்கம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே குழாயை மூடினார்.

"என்ன சார், கடைவாய்ப் பல்லா?"

"சுவர், டாக்டர்." முழுக் கதையையும் சொன்னேன்.

"போச்சு. உங்க ரூம் போச்சு."

"ஏன் இப்படி அபசகுனமா பேசறீங்க?"

"அனுபவம் சார். எங்க வீட்டு பால்கனி என்ன ஆச்சு? கம்பெனிக்காரன் வந்தான். 'பால்கனி எதுக்கு சார், வெறும் காத்துதானே வருது'ன்னான். இப்ப அங்க வாஷிங் மெஷின் நிக்குது. எனக்கு நிக்க இடமில்ல. செடியைக்கூடக் கீழ வந்து பாக்கறேன்."

"அப்ப வழியே இல்லையா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தணித்தார்.

"இருக்கு. உங்க டிசைனர் தனி ரகம். வீடு யார் பேர்ல இருக்கு, செக்குல கையெழுத்து போடறது யாருன்னெல்லாம் கேக்க மாட்டாங்களாம். அடுப்புக்கிட்ட யார் நிக்கறாங்களோ அவங்க பேச்சுதான் கடைசிப் பேச்சாம். சமைக்கறவங்க வேணாம்னு சொன்னா ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டாங்களாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேக்காதீங்க. பல் டாக்டர் வாயிலேர்ந்து எதையும் பிடுங்க முடியாது."

நான் திரும்பி வருவதற்குள் திட்டம் தயார். ரொம்ப எளிமையான திட்டம். டிசைனர் வந்து பார்க்கிற அந்தச் சில நாட்கள் மட்டும் நான் சமைக்க வேண்டும். அவர் கண்ணில் நான்தான் இந்த வீட்டுச் சமையல்காரன். சுவரை எடுக்காதே என்று நான் சொல்வேன், சுவர் பிழைக்கும். வேலை முடிந்து அவர் போனதும் எனக்கு இடுப்பு வலி வரும். கரண்டி பழையபடி என் மனைவி கைக்குப் போய்ச் சேரும். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். சிரிப்பாள், சண்டை போடுவாள், காரணம் கேட்பாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் யோசித்து வைத்துக்கொண்டு போனேன்.

"நாளையிலேர்ந்து நான் சமைக்கறேன்."

"சரி."

"இல்ல, நீயும் படிக்கணும், பரீட்சை வேற வருது, நானும் சும்மாதானே..."

"சரின்னேனே."

"டிசைனர் வரும்போதும் நான்தான் சமைப்பேன்."

"சந்தோஷங்க."

யோசித்து வைத்த பதில்கள் எல்லாம் வீணாயின. எனக்கு ஒரே குடைச்சல். இவள் ஏன் "எதுக்கு" என்று கேட்கவில்லை? கடிகாரம் திடீரென்று சரியான நேரம் காட்டினால் வருகிற சந்தேகம் எனக்கு வந்தது. ஆனால் பிரித்துப் பார்க்க அவள் என்ன கடிகாரமா?

மறுநாள் டிசைனர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அடுப்பின் முன் நின்றேன். என் மனைவி டிசைனருக்குப் பின்னால், வாசற்படி ஓரமாக, சட்டப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுப்பைப் பற்றவைத்தேன். அதுவரை நன்றாகத்தான் போயிற்று. அடுத்து உப்பு. முப்பது வருஷமாக என் நாக்கில் பட்ட உப்பு இந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு டப்பாவைத் திறந்தேன், கடுகு. இன்னொன்று, பட்டன்கள். டிசைனர் சாக்பீஸால் தரையில் நான் நின்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"என்ன தேடறீங்க சார்?"

"தேடலை. எல்லாம் இருக்கான்னு சரிபார்க்கறேன். தினமும் பண்றதுதான்."

டிசைனரின் தலைக்கு மேலே என் மனைவியைப் பார்த்தேன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை மட்டும் இடது பக்க மேல் தட்டுக்கு நீட்டினாள். உப்பு அங்கே இருந்தது.

அன்று மாலையே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவளாகத்தான் சொன்னாள். கையை மேலிருந்து கீழே இறக்கினால் தீயைக் குறைக்க வேண்டும். மூக்கைத் தொட்டால் கிளற வேண்டும். கன்னத்தைத் தொட்டால் உப்பு. இவ்வளவு உதவி செய்கிறாளே, இவளுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் உதவி நின்றுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்தது. சோறு குழையவில்லை, பருப்பு வெந்தது. உருளைக்கிழங்கு வதக்கிய அன்றுதான் வினை. அவள் கை கன்னத்துக்குப் போயிற்று, உப்பு போட்டேன். சிறிது நேரத்தில் அவள் கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. பட்டென்று அடித்தாள். அடித்த வேகத்தைப் பார்த்து நானும் தாராளமாக ஒரு கை அள்ளிப் போட்டேன். கொசு விடவில்லை. அவளும் விடவில்லை. நானும் விடவில்லை.

டிசைனர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

"உப்பு..."

"எங்க வீட்ல கொஞ்சம் தூக்கலாதான் மேடம்" என்று அசடு வழிந்தேன். சொன்னதற்கு மரியாதையாக, தட்டில் இருந்ததை முழுக்க நானே சிரித்த முகத்தோடு தின்று தீர்த்தேன். என் மனைவி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். புத்தகம் குலுங்கியது.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, நாளாக ஆக எனக்கே ஒரு சுவாரசியம் தட்டிவிட்டது. வெங்காயம் கண்ணைக் கரிக்க வைக்கிறதே, அதையே எண்ணெயில் வதக்கினால் இனிக்கிறது! எப்படி? ஆம்லெட் ஏன் ஒரு நாள் புஸ்ஸென்று எழும்புகிறது, ஒரு நாள் செருப்பு மாதிரி படுத்துக்கொள்கிறது? இதையெல்லாம் யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா? இறுகிய டப்பா மூடிகளைத் திறக்க என் அறைக்கு ஓடிப் போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்து வருவேன். ஓடுகிற வழியெல்லாம் டிசைனர் சாக்பீஸால் வட்டம் போடுவார். கடைசியில் தரையில் அடுப்புக்கும் என் அறைக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு பாதையே உருவாகிவிட்டது.

"அந்த ரூமுக்கு அடிக்கடி போறீங்களே சார்?"

நான் காத்திருந்த நேரம் இதுதான்.

"அந்த ரூம் இல்லாம என்னால சமைக்கவே முடியாது மேடம். அந்தச் சுவர்ல கை வைக்கக் கூடாது. சமைக்கறவன்கிற முறையில சொல்றேன்."

"சமைக்கறவர் நீங்க. நீங்க சொன்னா சரி. சுவர் இருக்கட்டும்."

இவ்வளவுதானா! எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். ரெண்டு மடங்கு சமையல்கட்டு கைவிட்டுப் போகிறது. முகத்தில் ஒரு வாட்டம் இருக்க வேண்டுமே? பக்கத்தைத் திருப்பினாள், அவ்வளவுதான்.

வெற்றி தலைக்கேறினால் மனிதன் சும்மா இருக்க மாட்டான். நான் இன்னொன்றும் கேட்டேன்.

"மேடம், சுவர்ல ஒரு சின்ன ஜன்னல் மட்டும் வெச்சுக் குடுங்க. ஒரு தட்டு நுழையற அளவு போதும்."

"எதுக்கு சார்?"

"டீயை இங்கேர்ந்து அப்படியே அந்தப் பக்கம் நீட்டிடலாம் பாருங்க. எழுந்து நடக்க வேண்டாம்."

நீட்டுவது யார், வாங்குவது யார் என்று நான் விளக்கவில்லை. என் மனதில் அது தெளிவாகவே இருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி கையை நீட்டுகிறேன், ஜன்னல் திறக்கிறது, டீ வருகிறது.

"நல்ல யோசனை சார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

"ரூம் பக்கம். உள்ள இருக்கறவங்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது."

"ரொம்ப நல்ல யோசனைங்க" என்றாள் என் மனைவி. அவள் என் யோசனையைப் பாராட்டியது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. நான் பூரித்துப்போனேன்.

கடைசி நாள்தான் டிசைனர் கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றினார். சுவரை அளக்கவில்லை. என்னை அளந்தார்.

"நேரா நில்லுங்க சார். முழங்கையை மடக்குங்க."

"எதுக்கு மேடம், சட்டை தைக்கவா?"

"மேடைக்கு. சமைக்கறவங்க முழங்கைக்குக் கொஞ்சம் கீழ மேடை இருக்கணும். அப்பதான் முதுகு வலிக்காது. இத்தனை நாளும் நீங்க கூன் போட்டுக்கிட்டு நின்னதைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு. அடுப்பு, தொட்டி, தட்டு எல்லாத்தையும் உங்க கைக்கு எட்டற மாதிரி வைக்கப் போறேன்."

என்ன அருமையான கணக்கு! முழங்கையில் இவ்வளவு விஷயமா! கைப்பிடி எங்கே, குழாய் எங்கே, புகை எப்படிப் போகும் என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். அவர் சலிக்காமல் சொன்னார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார்.

"மேடம், உங்களையும் ஒரு தடவை அளந்துக்கட்டுமா?"

"என்னை எதுக்கு? சமைக்கறது அவர்தானே!"

"ஆமா, ஆமா. என்னோடது மட்டும் போதும்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவளை அளந்தால் அவளும் சமைக்கிறவள் ஆகிவிடுவாள், சுவர் விஷயம் மறுபடி கிளம்பும்.

டிசைனர் டேப்பைச் சுருட்டினார். என்னை நேராகப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க சார். கல்லை வெச்சு ஒட்டிட்டா அப்புறம் ஏத்தவும் முடியாது, இறக்கவும் முடியாது. வேலை முடிஞ்ச பிறகும் நீங்கதானே சமைப்பீங்க?"

நான் சுவரைப் பார்த்தேன். சுவர் என்னைப் பார்த்தது.

"நான்தான் மேடம். இந்த உடம்புல உயிர் இருக்கற வரைக்கும்!"

"சரி சார்."

"நானும் கேட்டுக்கிட்டேன்" என்றாள் பின்னாலிருந்து என் மனைவி. சட்டம் படிக்கிறவள். சாட்சிக்கு வேறு ஆளே தேவையில்லை.

வேலை ஆரம்பித்தது. வீடு முழுக்கக் கல் தூசி. என் மனைவி புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள்.

"ஏங்க, புத்தகமெல்லாம் தூசியாகுது. வேலை முடியற வரைக்கும் இங்க ஒரு ஓரமா வெச்சுக்கட்டுமா?"

ஜெயித்தவன் நான். பெருந்தன்மையாக இருக்கலாம் இல்லையா?

"தாராளமா வெச்சுக்கோ."

ஓரத்தில் வந்த புத்தகம் மறுநாள் மேசைக்கு ஏறியது. தூசி படுகிறதே என்று என் ரேடியோவையும் மிக்ஸியையும் அவளே துடைத்து, அட்டைப் பெட்டியில் பத்திரமாகக் கட்டி வைத்தாள். நான் சமையல்கட்டில் கொத்தனார் பின்னாலேயே நின்று சிமென்ட் எப்படி இறுகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததால் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. பார்ப்பதற்கு அங்கே அவ்வளவு இருந்தது.

எல்லாம் முடிந்தது. டிசைனர் கடைசித் தடவையாக வந்து, ஒரு துணியால் மேடையைத் துடைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் போய் மேடை முன் நின்றேன். கை தானாகப் போய் அதன் மேல் உட்கார்ந்தது. கூன் இல்லை. குனிய வேண்டாம். உப்பு கைக்கு நேரே. கரண்டிகளுக்கு ஓர் இழுப்பறை. அதன் பக்கத்தில் இன்னொன்று. இழுத்துப் பார்த்தேன். உள்ளே என் ஸ்க்ரூடிரைவர்கள், அளவுவாரியாக, படுக்க வைத்திருந்தன.

"நீங்க சமைக்கும்போது அதுக்குத்தானே அடிக்கடி ஓடினீங்க. பார்த்தேன், அதான் இங்கயே வெச்சுட்டேன்" என்றார் டிசைனர். மேடையின் அந்தக் கோடியில் ஒரு சின்னப் பலகை, விளக்கு, மேலே ஒரு தட்டு. தட்டில் என் கடிகாரம், ரேடியோ, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, அந்த அலமாரிக் கதவு. "கிளறிட்டுச் சும்மா நிக்கற நேரத்துல அதை நோண்டலாம் சார்."

யாராவது என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்களா? நன்றி சொல்லி, அவர் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்தேன். தாண்டியதும் இடுப்பில் கை வைத்தேன்.

"அம்மாடி! என்னமோ பிடிச்சுக்கிச்சு. நீ வந்து கொஞ்சம் இந்த வெங்காயத்தை நறுக்கேன்."

"அதுக்கென்ன, வரேன்."

வந்தாள். மேடை முன் நின்றாள். மேடை அவள் தோளுக்கு வந்தது. மேடைக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. கையைத் தூக்கி வெங்காயத்தைத் தொட முயன்றாள். கொடியில் துணி உலர்த்துகிறவள் மாதிரி இருந்தது. வெங்காயம் உருண்டு எட்டாத இடத்துக்குப் போயிற்று.

"எட்டலையேங்க."

"ஸ்டூல் போட்டுக்கோயேன்!"

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த டிசைனர் எட்டிப் பார்த்தார்.

"அய்யோ, அடுப்புக்கிட்ட ஸ்டூல் போட்டு நிக்கக் கூடாது. விழுந்தா கொதிக்கறது மேல கவிழும். ரொம்ப ஆபத்து சார்."

"அப்ப மேடையைக் கொஞ்சம்... இறக்க முடியுமா மேடம்?"

"அன்னிக்கே சொன்னேனே சார். உயிர் இருக்கற வரைக்கும்னு சொன்னீங்களே?" அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே கவலையாகக் கேட்டார். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்ல மேடம். நல்லா இருக்கேன்." இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இந்த உயரத்து மேடையில் இடுப்பு வலி என்று சொன்னால் எந்த டாக்டரும் நம்ப மாட்டார்.

டிசைனர் போய்விட்டார். நான் வெங்காயத்தை நறுக்கினேன். நறுக்கும்போது ஒவ்வொன்றாக உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நறுக்கியதை எண்ணெயில் போட்டு வதங்கவிட்டேன். போகட்டும், சுவர் இருக்கிறது. அறை இருக்கிறது. கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்தால் எல்லாம் சரியாகும் என்று அந்தப் பக்கம் போனேன். கதவைத் திறந்தால் அறையில் சட்டப் புத்தகங்கள் சுவரோரம் வரிசையாக நிற்கின்றன. மேசையில் பேனா, மூக்குக் கண்ணாடி. என் சாய்வு நாற்காலியில், கால் தரையில் படாமல், என் மனைவி.

"என் ரூம்ல என்ன பண்றே?"

"உங்க ரூமா? உங்க சாமான் ஒண்ணாவது இங்க இருக்கா, பாருங்க."

பார்த்தேன். ஒரு திருகாணிகூட இல்லை.

"உங்க ரூம் அந்தப் பக்கம்ங்க. விளக்கு, பலகை எல்லாம் வெச்சு எவ்வளவு அழகா பண்ணிக் குடுத்திருக்காங்க!"

"சரி, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது. டிசைனரும் உனக்கு உடந்தையா?"

"சே, பாவம். அவங்க பார்த்ததை வரைஞ்சாங்க. அவ்வளவுதான்."

"அப்ப பல் டாக்டர்?"

"அவருக்கு என்ன தெரியும்? சமைக்கறவங்க பேச்சுதான் கடைசிப் பேச்சுன்னு அவர் பொண்டாட்டிகிட்ட நான்தான் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு ரெண்டு தடவை அழுத்திச் சொன்னேன். அன்னிக்கே உங்க காதுக்கு வந்துடுச்சு, இல்ல?"

"இன்னும் ஒண்ணு." எனக்கு இப்போது கோபத்தைவிட, இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்கிற ஆசைதான் அதிகம். "அந்தச் சுவரை இடிக்கணும்னு நீ எப்பவாவது நெனச்சியா?"

"இடிச்சா எப்படிங்க? நீங்க அந்தப் பக்கம் சமைக்கற சத்தத்துல நான் இந்தப் பக்கம் எப்படிப் படிக்கறது?"

சுவரைக் காப்பாற்ற நான் பட்ட பாடெல்லாம் கண் முன்னால் வந்து போயிற்று.

"உனக்கு ரூம் வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். "சமையல்கட்டு தாராளமா இருக்குன்னு சொன்னீங்க. சரி, அந்தத் தாராளம் உங்களுக்கே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அவள் நாற்காலியிலிருந்து எட்டி, ஒரு பக்கத்தை மடித்து வைத்தாள்.

"எதையாவது பிரிச்சுப் பார்க்காம உங்களால இருக்க முடியாதுங்க. கடிகாரம் பிரிச்சா எனக்கு என்ன கிடைச்சது? வெங்காயத்தைப் பிரிங்க. சாப்பாடாவது கிடைக்கும்."

வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். அடுப்பில் வெங்காயம் பொன்னிறமாகி வாசனை வீட்டையே தூக்கியது. தீயைக் குறைத்தேன். ஏன் இது இனிக்கிறது என்ற கேள்வி மறுபடி வந்தது. சர்க்கரை அதற்குள் முதலிலேயே இருந்ததா, இல்லை நடுவில் எங்கிருந்தாவது வந்ததா? ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக் டொக் என்று சத்தம். நான் ஆசைப்பட்டு வைத்த ஜன்னல் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது, கையில் காலி டம்ளர்.

"சர்க்கரை கொஞ்சம் கம்மியா போடுங்க" என்று சொல்லிவிட்டு, நான் சொன்ன பக்கத்திலேயே வைத்த தாழ்ப்பாளை அவள் போட்டுக்கொண்டாள்.